மணலில் ஒரு முக்கோணம்: ஓடும் கடிகாரம் மெதுவாவதைப் புரிந்துகொள்ளும் வழி

சீராக ஓடுபவருக்கும் நிற்பவருக்கும் நேரமும் தூரமும் எப்படி வேறுபடும் என்று சொல்லும் ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலைச் சூத்திரத்திலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் சூத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். பாம்பன் கரையின் ஈர மணலும் கையில் ஒரு குச்சியும் இருந்தால் அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்கும்.

முதலில் ஒளியை மறந்துவிட்டு, ஓர் ஈயக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கடல் என்று நம் மக்கள் சொல்லும் பாக் நீரிணையில், அலையில்லாத நாளில் சீராகப் போகும் வள்ளத்தின் பாய்மர உச்சியிலிருந்து குண்டை நழுவவிட்டால், அது மரத்தின் அடியிலேயே விழும். வள்ளத்தில் இருப்பவருக்கு அது நேராக இறங்கியது. கரையில் நிற்பவருக்கு முன்னோக்கிச் சாய்ந்து இறங்கியது. கரையிலிருந்து பார்க்கும்போது பாதை நீண்டாலும், வள்ளத்தின் வேகமும் குண்டோடு சேர்ந்துகொள்வதால் விழும் நேரம் மாறுவதில்லை.

இனி குண்டுக்குப் பதிலாக, மரத்தின் அடியிலிருந்து உச்சியில் கட்டிய கண்ணாடிக்கு ஓர் ஒளித்துடிப்பை அனுப்புங்கள். இதுவே நம் ஒளிக்கடிகாரம். ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். வள்ளத்திலிருந்து அளந்தாலும் கரையிலிருந்து அளந்தாலும் அதுவே. 1905இல் ஐன்ஸ்டைன் அடித்தளமாக வைத்த கருத்து இது. பாதை நீள்கிறது, வேகம் கூடுவதில்லை என்றால், கூட வேண்டியது நேரம்தான்.

எவ்வளவு கூடும் என்பதை மணலில் வரைந்து பாருங்கள். வள்ளம் நகர்ந்த தூரமாக 3 சாண் கிடைக்கோடு இழுத்து, அதன் முடிவில் 4 சாண் உயரத்துக்குப் பாய்மரத்தை வரைந்து, தொடங்கிய புள்ளியை மர உச்சியோடு இணைத்தால் சாய்கோடு 5 சாண் வரும். ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் நீளம் மாறாது என்பதால் மரத்தின் 4 சாண் இருவருக்கும் பொது. ஒளி 5 சாண் போவதற்குள் வள்ளம் 3 சாண் போகிறது, அதாவது அதன் வேகம் ஒளிவேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு. ஒரே வேகத்தில் ஒளி வள்ளத்துக்காரருக்கு 4 சாணும் கரைக்காரருக்கு 5 சாணும் போவதால், இதே விகிதத்தில் வள்ளத்தில் 4 நொடி கழிய, கரையில் 5 நொடி கழிகிறது.

இது ஒளிக்கடிகாரத்தின் கோளாறு அன்று. கைக்கடிகாரமோ நாடித்துடிப்போ அதோடு ஒத்துப்போகாவிட்டால், கரையைப் பார்க்காமலேயே தாம் ஓடுகிறோம் என்பதை வள்ளத்துக்காரர் கண்டுபிடித்துவிடுவார். சீரான ஓட்டத்தில் அது இயலாது.

பலர் தடுமாறுவது அடுத்த படியில்தான்: வள்ளத்துக்காரர் பார்த்தால் கரைதான் ஓடுகிறது, எனவே கரைக் கடிகாரமே மெதுவாக வேண்டும். இரண்டும் எப்படி உண்மையாகும்? இங்கே அவசரப்படாமல் நின்று கணக்கிடுங்கள். கரையில் 900 மீட்டர் இடைவெளியில் இரண்டு கடிகாரங்களை, கரைக்காரரின் கணக்கில் ஒன்றாக ஓடும்படி வையுங்கள். அந்தத் தூரத்தைக் கடக்க வள்ளத்துக்குக் கரையில் 5 மைக்ரோ நொடியும் (ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), வள்ளத்தில் 4 மைக்ரோ நொடியும் ஆகின்றன. வள்ளத்துக்காரரின் கணக்கிலோ அந்த இரண்டும் ஒன்றாக வைக்கப்பட்டவையே அல்ல. முதல் கடிகாரம் 0 காட்டும்போது அவர் அதைக் கடந்தார் என்றால், அப்போதே இரண்டாவது 1.8 மைக்ரோ நொடி காட்டிக்கொண்டிருந்தது. அவருடைய 4 மைக்ரோ நொடியில் அது மெதுவாக ஓடி 3.2 மட்டுமே கூட்டியது. 1.8உம் 3.2உம் சேர்ந்தால் 5. அருகே போய்ப் பார்க்கும்போது முள் எங்கே நிற்கிறது என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. ‘ஒரே நேரத்தில்’ என்ற சொல் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதை ஏற்காமல் இந்தப் புதிரை யாராலும் அவிழ்க்க முடியாது.

அன்றாட வேகங்களில் இது மிகச் சிறியது. மணிக்கு 72 கிலோமீட்டரில் ஓடும் ரயிலில் ஒரு மணி நேரம் இருந்தால், ஒரு நொடியை லட்சம் கோடிக் கூறாக்கியதில் ஏறத்தாழ 8 கூறுதான் வித்தியாசம். ஆனால் நம் மீனவர்கள் கடலுக்கு எடுத்துப்போகும் ஜிபிஎஸ் கருவிக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், வேகத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ நொடி பிந்துகின்றன. அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 முந்துகின்றன. மிஞ்சும் 38 மைக்ரோ நொடியில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும் என்பதால், அதைத் திருத்தாமல் கடல் எல்லையை அறிய முடியாது.

மனிதர் செய்த கடிகாரமே இல்லாத சான்றும் உண்டு. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில், விண்கதிர்கள் காற்றில் மோதுவதால் மியூவான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளிவேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் அவற்றின் கடிகாரம் நமக்குப் பல மடங்கு மெதுவாக ஓடுவதால், தனுஷ்கோடி மணலில் நீங்கள் விரித்து நீட்டிய உள்ளங்கை வழியே நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடந்துபோகிறது.