வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் கொடை கொடுப்போர் கவனத்திற்கு

மட்டக்களப்புப் பகுதியில் கோயில் திருவிழாவுக்கு உபயம் ஏற்கும் குடும்பம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை நாம் அறிவோம். எத்தனையாம் நாள் பூசை, எவ்வளவு செலவு, எவர் பொறுப்பு என்பவற்றையெல்லாம் கோயில் நிர்வாகியான வண்ணக்கரோடு பேசித் தீர்த்த பின்னரே பணம் கைமாறுகிறது. அடுத்த ஆண்டும் அந்த நாள் அந்தக் குடும்பத்துக்கு உரியதாகவே இருக்கிறது. வந்தாறுமூலையின் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவிலின் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ கொடுக்கும்போது மட்டும் இந்த ஒழுங்கை மறந்துவிடுகிறோம். தந்தையின் திவசத்தை ஒட்டி மனம் கசிந்த நேரத்தில் ஒரு தொகையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, அது எந்தப் பிள்ளைக்கு எந்த மாதத்தில் உதவியது என்று பிறகு விசாரிப்பதும் இல்லை.

நம் நாட்டில் அரச பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லையே, பிறகு எதற்குக் கொடை என்று கேட்பவர்கள் உண்டு. கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் படிப்பவருக்கு வாடகை, சாப்பாடு, பஸ் செலவு, கணினி, ஆய்வுகூட அங்கி, களப்பயணம் என்று செலவுகள் இருந்துகொண்டே இருக்கின்றன. 1981இல் தொடங்கிய, பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், பர்சரி எனப்படும் உதவுதொகை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. இத்தொகை ஒரு மாதச் சாப்பாட்டுக்கே போதாது என்பதைச் செங்கலடியிலோ அக்கரைப்பற்றிலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும் எந்த மாணவரும் சொல்வார். அதைவிட முக்கியமான ஒன்று, அனுமதி கிடைத்த நாளுக்கும் முதல் தவணை கைக்கு வரும் நாளுக்கும் இடையில் பல மாதங்கள் கழிந்துவிடக்கூடும் என்பது. பிள்ளை படிப்பை விடலாமா என்று எண்ணுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஆகவே சிறிய தொகை வைத்திருப்பவருக்கு என் முதல் ஆலோசனை, இறுதியாண்டில் முதலிடம் பெறுபவருக்குத் தங்கப் பதக்கம் அணிவிப்பதைவிட முதலாமாண்டின் முதல் ஆறு மாதங்களைத் தாங்கிப்பிடிப்பது பயனுள்ளது என்பதாகும். பதக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது ஏற்கெனவே வென்றவருக்குப் போகிறது.

எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்த பின் யாரோடு பேசுவது என்ற கேள்வி எழும். வந்தாறுமூலையில் 1981 ஓகஸ்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 ஒக்டோபரில் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகமும், 1995இல் தொடங்கி 1996இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குபவை. அத்தகைய நிறுவனத்தில் பணத்தைப் பெறுவதும் கணக்கில் வைப்பதும் நிதியாளரின் வேலை. உதவி தேவைப்படும் மாணவர் யார் என்பது மாணவர் நலனைக் கவனிப்போருக்கும் பீடாதிபதிக்கும் தெரியும். முதலில் பீடாதிபதியிடமோ பதிவாளரிடமோ கடிதம் மூலம் விருப்பத்தைத் தெரிவியுங்கள். நேர்மையான விரிவுரையாளர் ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தாலும், பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். அது அவரையும் சங்கடத்தில் வைக்கும்.

பல்கலைக்கழகத்தோடு செய்யும் உடன்படிக்கையில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதில்தான் அதிக கவனம் வேண்டும். வருமானத்தைக் கிராம உத்தியோகத்தர் சான்றிதழால் மட்டும் அளப்பதா, குடும்பத்தில் படிக்கும் ஏனைய பிள்ளைகளையும் கணக்கில் எடுப்பதா, மகாபொல பெறுபவரும் விண்ணப்பிக்கலாமா, பரீட்சையில் ஒரு பாடம் தவறினால் உதவி நின்றுவிடுமா என்பவற்றை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு என் பதில், நிற்கக் கூடாது என்பது. ஏனெனில் அம்பாறை வயல்களில் அறுவடைக் காலத்தில் கூலிக்குப் போய்விட்டுப் பரீட்சை மண்டபத்துக்கு வரும் பிள்ளைக்கு ஒரு பாடம் போவது சோம்பலின் அடையாளமல்ல. கொடையாளரின் உறவினர் தெரிவுக் குழுவில் இருக்கக் கூடாது என்பதையும், பெறுபவரின் பெயரும் படமும் வெளியிடப்படமாட்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுயரக் காசோலை அட்டையைப் பிடித்தபடி மேடையில் நின்ற ஒரு மாணவியின் முகத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த மேடையில் மகிழ்ந்தவர் அவர் அல்லர்.

தொகை பெரிதாக இருந்தால் அதை நிலையான வைப்பில் இட்டு வட்டியைப் பயன்படுத்தும் ஏற்பாடு நீண்டு நிற்கும். 10 லட்சம் ரூபாயை வைப்பிலிட்டு நூற்றுக்கு 8 வட்டி கிடைப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரும். அதில் ஒருவருக்கு மாதம் 6,000 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு 60,000 ரூபாய் கொடுத்து, மீதி 20,000 ரூபாயை முதலோடு சேர்த்துவிட வேண்டும். வட்டி முழுவதையும் செலவழிக்கும் ஏற்பாட்டை நான் விரும்புவதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8ஐத் தொட்டது. முதல் தொகையை வளர்க்காமல் விட்டால், நினைவுப் புலமைப்பரிசில் பெயர் மட்டும் மிஞ்சி, ஒருவேளைச் சோற்றுக்கும் உதவாத தொகையாகிவிடும். அவ்வளவு பணம் இல்லாதவர்கள் ஒவ்வொரு பிடியாக அரிசி எடுத்துவைத்துப் பிடியரிசி சேர்த்த வழக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒரே ஆண்டில் பட்டம் பெற்ற இருபது பேர் மாதம் 1,000 ரூபாய் வீதம் போட்டால் மூன்று பிள்ளைகளுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுத்தும் மிச்சம் இருக்கும்.

அம்பாறையின் கரையோரத்தில் ஸகாத் எனும் இஸ்லாமியக் கட்டாயக் கொடை நிதியிலிருந்து கொடுக்க விரும்புவோர், அது பெறத் தகுதியுள்ளவரைச் சென்றடைய வேண்டும் என்ற நிபந்தனையை மனத்தில் கொண்டு, நிரந்தர வைப்புக்கு வக்பு எனும் நிலையான அறக்கொடையாகவோ ஸதகா எனும் விருப்பக் கொடையாகவோ வேறொரு தொகையை ஒதுக்குவது நல்லது. இதில் மார்க்க அறிஞரான உலமாவின் ஆலோசனையைப் பெற்ற பின்பே கையெழுத்திடுங்கள்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது வேறு கதை. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோர மணற்பகுதிக் கிணறுகளில் உப்பேறியதை இங்குள்ள எல்லோரும் அறிவர். ஒரு கிணற்றின் நீர் மீண்டும் எப்போது குடிக்கத் தக்கதாகிறது என்பதை ஒருநாள் அளவீட்டால் சொல்ல முடியாது. மழையும் கோடையும் மாறி மாறி வர, மாதந்தோறும் பல ஆண்டுகள் அளந்தால்தான் சொல்ல முடியும். இத்தகைய வேலைக்குப் பெரிய மானியம் தேவையில்லை, பெற்றோலும் சோதனைப் பொருளும் ஓர் உதவியாளரும் இருந்தால் போதும். ஆனால் இடையில் நிற்கக் கூடாது. வாவியின் மீன்வளம், பெரும்போக வேளாண்மையின் நோய்கள், வடமோடி தென்மோடிக் கூத்துகளின் ஏட்டுப் பிரதிகள் எல்லாம் இதே வகையானவை. கருவி வாங்கிக் கொடுப்பதானால், அதைப் பழுதுபார்க்கவும் அதற்குரிய இரசாயனம் வாங்கவும் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கான தொகையைச் சேர்த்தே கொடுங்கள். உறை பிரிக்கப்பட்டு ஒரே ஆண்டில் துணி போர்த்தி மூடப்பட்ட கருவிகளை நான் கண்டிருக்கிறேன். முடிவு உங்களுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆய்வு வெளிவரும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். உரம் விற்பவர் மண் ஆய்வுக்குப் பணம் கொடுத்துவிட்டு முடிவையும் தாமே எழுத நினைத்தால் அது வியாபாரம்.

சமூகத்துக்கும் போய்ச்சேர வேண்டும் என்பவர்கள், உதவி பெறும் மாணவர்கள் விடுமுறையில் தம் ஊர்ப் பாடசாலையில் கணிதமோ விஞ்ஞானமோ கற்பிக்க ஒரு சிறு கொடுப்பனவு ஒதுக்கலாம். அதைக் கட்டாயமாக்காதீர்கள். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் மாணவர் ஒரு கிராமத்தில் கூத்துப் பழக்கினால் ஊர்ச் சிறுவரோடு கூத்துப் பழக்கும் ஆசானான மூத்த அண்ணாவியாரும் கூடிவருவார்.

பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், மேற்சொன்ன பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனங்களுக்குக் கொடுக்கும் கொடைகள் வரிக் கழிப்புக்குரிய கொடுப்பனவுகளுள் இடம்பெறுகின்றன. அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனத்தின் வழியாகக் கொடுத்தால் தனிநபருக்கு எல்லை உண்டு; வரிக்குரிய வருமானத்தின் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே. விபரத்தைக் கணக்காளரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் வங்கியைத் தவிர்த்துத் தனியார் கைமாற்றும் உண்டியல் வழியை நாடாமல் வங்கி வழியே, நோக்கத்தைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும்.

உடன்படிக்கையின் கடைசிப் பந்தியில் மூன்று விடயங்களுக்கு இடம் விடுங்கள். ஆண்டுக் கணக்கு எந்த மாதத்தில் உங்களுக்கு வர வேண்டும், தகுதியானவர் ஒருவரும் கிடைக்காத ஆண்டில் அப்பணம் என்ன ஆகும், உங்களுக்குப் பின் பல்கலைக்கழகம் யாரோடு தொடர்புகொள்ளும் என்பவை அவை. மூன்றாவதற்கு ஒரு பெயரை எழுதும் முன், அந்தப் பெயருக்குரிய உங்கள் பிள்ளையை வீட்டில் உட்காரவைத்து உடன்படிக்கையை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.