ஆர்க்கியாவின் மேலுறைப் புரதத்தை பிரவுசரிலேயே பார்ப்பது எப்படி?

ஆர்க்கியா என்பவை பாக்டீரியாவைப் போலத் தெரிந்தாலும் வேறு குலத்தைச் சேர்ந்த ஒற்றைச்செல் உயிரிகள். கொதிக்கும் ஊற்று, உப்பு ஏரி என்று அவை வாழும் இடங்களைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். அந்தச் சூழலை நேருக்கு நேர் சந்திக்கும் மேலுறையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பாக்டீரியாவின் பெப்டிடோகிளைக்கான் சுவர் இவற்றுக்குக் கிடையாது. பெரும்பாலான ஆர்க்கியாவுக்கு எஸ்-லேயர்தான் உறை. ஓரிரு வகைப் புரதங்களே திரும்பத் திரும்பக் கோத்து, செல் முழுவதையும் மூடும் விரிப்பு அது. இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை, இணைய இணைப்பு போதும்.

நாம் எடுத்துக்கொள்வது ஹாலோஃபெராக்ஸ் வோல்கானி என்ற ஆர்க்கியா. சாக்கடலில் கிடைத்தது. அங்கே உயிர்கள் உண்டு என்று 1930களில் காட்டிய பெஞ்சமின் எலசாரி வோல்கானியின் பெயரைத் தாங்கியது.

படி 1: யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்து பி, அதோடு ஒட்டி 25062 என்று தட்டுங்கள். இந்த உறைப் புரதத்தின் பக்கம் வரும்.

படி 2: அவசரப்பட்டுப் படத்துக்குப் போக வேண்டாம், முதலில் வரிசையைப் படியுங்கள். மொத்தம் 827 அமினோ அமிலங்கள். முதல் 34 வெறும் வழிகாட்டிச் சீட்டு. புரதம் சவ்வைத் தாண்டி வெளியே போனதும் வெட்டப்பட்டுவிடும். மிச்சம் 793. அதில் ஆஸ்பார்டிக் அமிலமும் குளுட்டமிக் அமிலமும், அதாவது ஆங்கில டி, இ எழுத்துகள், எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன பாருங்கள். இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை. கடும் உப்பிலும் புரதம் நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, கரைந்த நிலையில் நிற்க இந்த மின்னேற்றம் உதவுகிறது. உப்பை விரும்பும் ஆர்க்கியாவின் கையெழுத்து என்றே இதைச் சொல்லலாம். கடைசிப் பகுதிக்கு வந்தால் திரியோனின் என்ற அமினோ அமிலம் கூட்டமாக நிற்கும். இந்தப் புரதத்தில் சர்க்கரை ஒட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

படி 3: அதே பக்கத்தில் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்த வடிவம் இருக்கும். சுழற்றிப் பாருங்கள். இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) போன்ற மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். அடர்நீலப் பகுதிகளை நம்பலாம், ஆரஞ்சு வந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று: இந்தப் படத்தில் சர்க்கரைகள் கிடையாது, பக்கத்து மூலக்கூறும் கிடையாது. இதை மட்டும் பார்த்துவிட்டு உறையைப் பார்த்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

படி 4: இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். வடிவங்களின் பட்டியலில் எலக்ட்ரான் நுண்ணோக்கி முறையில் கிடைத்த பதிவுகளைத் தேடுங்கள். 2021இல் வெளியானவை அவை. ஆறு மூலக்கூறுகள் அறுகோணமாகச் சேர்ந்ததைத் திறந்து, ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு நிறம் கொடுங்கள். ஒரு மூலக்கூறின் கை போன்ற பகுதி அடுத்ததன்மேல் ஏறி நிற்பதும் நடுவில் துளை விழுவதும் அப்போது தெளிவாகத் தெரியும். இந்தப் பின்னலுக்கு இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள் தேவை. செல்லுக்குள் டிஎன்ஏவைச் செலுத்த விரும்பும் ஆய்வாளர்கள் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்து மக்னீசியம் போன்றவற்றைப் பறித்துவிடுவார்கள்; உறை கழன்று செல் உருண்டையாகிவிடும்.

படி 5: ஐந்து மூலக்கூறுகள் ஐங்கோணமாகச் சேர்ந்த பதிவையும் திறங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அறுகோணங்களை மட்டும் வைத்துப் பந்துபோல் மூடிய உறையைச் செய்யவே முடியாது. கால்பந்தில் 12 ஐங்கோணங்கள் இருப்பது அதனால்தான். இந்தச் செல்லும் தன் வளைவை மூட ஐங்கோணங்களையே நம்புகிறது. அதற்கெனத் தனிப் புரதம் எதுவும் இல்லை. அதே 793 அமினோ அமிலங்கள்தான், மடிப்புகள் ஒன்றுக்கொன்று நிற்கும் கோணம் மட்டும் மாறுகிறது.

சரி, அதை நேரில் பார்க்க ஒரு வழி: இரண்டு பதிவுகளிலும் ஒரு சங்கிலியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மறைத்துவிடுங்கள். ஒரு முனையில் இருக்கும் மடிப்பை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். அப்புறம் மறுமுனை எவ்வளவு விலகிப் போகிறது என்று பாருங்கள்.