டீம் லீட் ஆனவர்களுக்கு: வாரம் அரைமணி நேரத்தில் தனக்குத்தானே கோச்சிங்

டீம் லீட் பொறுப்புக்கு வந்த புதிதில் என் வேலையில் பிழை சொல்ல ஆளில்லாமல் போனது. குழுவில் இருப்பவர்கள் தயங்கினார்கள், மேலே இருப்பவர்களுக்கு நேரமில்லை. தனியாக ஒரு கோச் வைத்துக்கொள்ள வசதியும் இல்லை. அதனால் நானே கேள்வி கேட்டு நானே பதில் எழுத ஆரம்பித்தேன். இரண்டு ஆண்டுகளாக வாரந்தவறாமல் செய்கிறேன்.

இதன் எலும்புக்கூடு 1980களில் பிரிட்டனில் ஜான் விட்மோரும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய 'குரோ' (GROW) கோச்சிங் முறை. இலக்கு, நடப்பு, வழிகள், உறுதி என்று நான்கு கட்டம்.

தேவையானவை ஒரு நோட்டும் பேனாவும். ஆப் எதுவும் வேண்டாம் என்பேன். சிலவற்றை முயன்றுவிட்டேன், கட்டங்களை நிரப்புவதிலேயே நேரம் போகிறது. நோட்டில் அடித்த வரியும் கண்ணில் படும். இரண்டாம் படிக்கு அது கட்டாயம் வேண்டும்.

படி 1: இலக்கு

ஒரே ஒரு சூழலைப் பிடியுங்கள். "நல்ல தலைவராக வேண்டும்" என்று எழுதினால் அடுத்த படிக்கு நகரவே முடியாது. "திங்கட்கிழமை மீட்டிங்கில் எனக்கு முன்னால் இரண்டு பேராவது கருத்துச் சொல்லவேண்டும்" என்றால் போதும்.

படி 2: நடப்பு

நான் ஒரு மாதம் சிக்கிக்கிடந்தது இங்கேதான். "குழுவில் யாரும் பொறுப்பெடுப்பதில்லை" என்று எழுதியிருந்தேன். அதை உண்மை என்றே நம்பினேன். அதற்குப் பிறகு எழுதிய வழிகள் எல்லாமே மற்றவர்களை மாற்றுவது பற்றித்தான் இருந்தன. என்னால் செய்யக்கூடியது ஒன்றுகூட இல்லை.

இப்போது ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வியால் உரசிப் பார்க்கிறேன்: அந்த அறையில் இருந்த இன்னொருவர் இதை மறுக்க முடியுமா? முடியும் என்றால் அது என் கருத்து. அடித்துவிட்டு, நடந்ததை எழுதவேண்டும். எல்லோருடைய சம்மதத்தோடும் ஒரு மீட்டிங்கைப் பதிவு செய்து கேட்டேன். பழைய வரி போய் இது வந்தது: "40 நிமிட மீட்டிங். ஆறு கேள்வி கேட்டேன். ஐந்துக்கு நானே பதில் சொன்னேன்."

யாரும் பேசவில்லை என்று நான் நினைத்த இடங்களில் இரண்டு நொடிகூட விட்டிருக்கவில்லை. வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களிலேயே இதைக் காட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசியவர்களும் கூடினார்கள்.

இதே படியில் இன்னொரு சிக்கலும் உண்டு. "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்று தொடங்கினால் அரைமணியும் நம்மை நாமே திட்டுவதில் போய்விடும். 'ஏன்' வேண்டாம்; "என்ன நடந்தது, அதற்கு முன் என்ன செய்தேன்?" என்று கேளுங்கள். மன அழுத்தமான நேரத்தில் 'நான்' என்பதற்குப் பதிலாகத் தன் பெயரையோ முன்னிலையையோ வைத்துத் தனக்குள் பேசிக்கொண்டவர்கள் பதற்றத்தை நன்றாகச் சமாளித்ததாக உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவினரின் 2014 ஆய்வு சொல்கிறது. நான் என் பெயரோடு 'நீங்க' என்று எழுதுகிறேன். 'நீ' என்று எழுதினால் எனக்கு அடுத்த வரியிலேயே வசவு வந்துவிடும். மரியாதை கொடுத்துக் கேட்டால் ஒழுங்கான பதில் வருகிறது.

படி 3: வழிகள்

குறைந்தது ஐந்து எழுதுங்கள். முதல் இரண்டும் ஏற்கெனவே செய்து பார்த்தவையாகவே இருக்கும்.

படி 4: உறுதி

"முயற்சி செய்கிறேன்" என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முடிச்சுப்போட்டு எழுதினால் செயலாகும் வாய்ப்பு கூடும் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் தெரியவந்தது. என் வரி: "கேள்வி கேட்டு முடித்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுவேன்." பேனாவைக் கீழே வைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் அது இல்லாத வாரங்களில் எண்ண மறந்தேன்.

பெரிய முடிவு எடுக்கும்போது மட்டும், என்ன விளையும் என்று எதிர்பார்க்கிறேன் என்பதைத் தேதியோடு கடைசிப் பக்கத்தில் குறித்துவைப்பேன். 9 முதல் 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிடுங்கள் என்பது நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கரின் அறிவுரை. நாம் எதில் தேர்ந்தவர், எதில் இல்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: எழுத உட்கார்ந்தாலே குற்ற உணர்வு வருகிறது என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். முதல் வரியில் அந்த வாரம் நன்றாக நடந்த ஒன்றை எழுதுங்கள், ஆனால் அதையும் இரண்டாம் படிக் கேள்வியால் உரசுங்கள். "நன்றாகப் பேசினேன்" செல்லாது. "அவர் முடிக்கும்வரை குறுக்கிடவில்லை" செல்லும்.

நம் கண்ணுக்கே தெரியாதது நோட்டில் எப்படி வரும் என்று இன்னொருவர் கேட்டார். வராது. அதனால் மாதம் ஒருமுறை குழுவில் ஒருவரிடம் ஒரே கேள்வி கேட்கிறேன்: "நான் எதை மாற்றிக்கொண்டால் உங்கள் வேலை எளிதாகும்?" போன மாதம் கிடைத்த பதில்: "நாங்க பேசும்போது லேப்டாப்பை மூடிட்டா போதுங்க." இந்த வார இலக்கு வரியில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.