மலேரியாவை ஒழித்த நாடு செய்யக்கூடாத தவறுகள்

1934–35 காலப்பகுதியில் பரவிய மலேரியாவில் சுமார் 80,000 உயிர்களைப் பறிகொடுத்த இலங்கையில், 1963ஆம் ஆண்டு பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் 1955இல் தொடங்கிய உலகளாவிய ஒழிப்புத் திட்டத்தின் பெரும் வெற்றியாக அது கொண்டாடப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1969இல், நோயாளர் தொகை 5 லட்சத்தைத் தாண்டியது.

நோயாளர் குறைந்ததை நோய் முடிந்ததாகக் கொண்டதே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே பிறந்தன. வீடுகளுக்கு டி.டி.டி. என்ற பூச்சிகொல்லியைத் தெளிப்பது நிறுத்தப்பட்டது, காய்ச்சல்காரர்களின் குருதியைச் சோதிக்கும் பணியும் தளர்ந்தது. மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது, அவற்றின் படுகைகளில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. இரத்தினக்கல் அகழும் இடங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றவர்களுடன் நோயும் பயணித்தது. மழையின்மையை எவராலும் தடுக்க முடியாது. ஆனால் குருதிச் சோதனை முன்போலவே நடந்திருந்தால், முதல் சில நூறு நோயாளரிடமே நோயை மடக்கியிருக்கலாம் என்பதே என் உறுதியான எண்ணம். அதே காலத்தில் இந்தியாவிலும் இதுவே நிகழ்ந்தது: 1965இல் ஏறத்தாழ 1 லட்சமாக இருந்த நோயாளர் தொகை 1976இல் 64 லட்சமானது.

ஒரே கருவியை நம்புவதும் ஆபத்தானது. அன்றைய உலகத் திட்டம் டி.டி.டி.யையே பெரிதும் சார்ந்திருந்தது. நுளம்பு அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றதும், 1970களில் இலங்கை மாலத்தியன் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு மாற நேர்ந்தது. வெளியிலிருந்து வரும் வழிகாட்டுதலை மதிக்கவேண்டும். எனினும் எந்த மாவட்டத்தில் எந்த நுளம்பு, எந்த மருந்துக்கு மடிகிறது என்பதை நாட்டின் சொந்தப் பூச்சியியலாளர்களே தொடர்ந்து சோதித்துச் சொல்லவேண்டும்.

2012 ஒக்டோபருக்குப் பின் இலங்கையில் உள்நாட்டுத் தொற்று பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை வழங்கியது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உள்நாட்டுத் தொற்று இல்லாதிருப்பதுடன், நோய் மீண்டும் வேரூன்றாமல் தடுக்கும் ஏற்பாடும் இருந்தால்தான் அது கிடைக்கும். அந்த ஏற்பாட்டை வெளிநாட்டு நிதி வரும்வரை மட்டும் நடத்துவது பெரும் தவறு. சான்றிதழ் பெற்ற நாட்டுக்கு நிதி குறைவது வழமை என்பதால், குருதியை நுண்ணோக்கியில் சோதிக்கும் பணியாளர்களின் சம்பளத்தையும் மருந்து இருப்பையும் முன்கூட்டியே அரச வரவுசெலவுத் திட்டத்திற்குள் கொண்டுவரவேண்டும். இளம் மருத்துவர்கள் மலேரியாவைக் கண்டதே இல்லை என்பதும் இங்கே கருதத்தக்கது: காய்ச்சலோடு வருபவரிடம் அண்மையில் எந்த நாட்டுக்குச் சென்றார் என்று கேட்காமல் விட்டால், டெங்கு என்றே நினைத்து நாட்கள் கடந்துவிடும், பால்சிபாரம் வகை மலேரியாவில் அந்தத் தாமதம் உயிரைக் குடிக்கும்.

வெளிநாடுகளிலிருந்து நோயோடு வந்தவர்களைக் குற்றவாளிகளைப்போல் நடத்துவதையும் தவிர்க்கவேண்டும். 2018 இறுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஒருவரிடமிருந்து உள்ளூரில் ஒருவருக்குத் தொற்றியது கண்டறியப்பட்டது. அத்தகையோர் அச்சமின்றிச் சோதனைக்கு வரவேண்டுமானால் சோதனையும் சிகிச்சையும் இலவசமாகவும், குடிவரவு விசாரணையோடு தொடர்பின்றியும் இருக்கவேண்டும்.

மன்னாரில் கண்டறியப்பட்ட அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு இந்திய நகரங்களில் நெடுங்காலமாக மலேரியாவைப் பரப்பிவருவது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் இதைச் சுகாதார அமைச்சு மட்டும் கட்டுப்படுத்த இயலாது. பிரதேச சபைகளும் வீட்டுக்காரர்களும் சேரவேண்டும். எந்தப் பூச்சிகொல்லிக்கு அது எதிர்ப்பாற்றல் பெற்றுள்ளது என்ற தகவலை இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளின் ஆய்வகங்களும் ஆண்டறிக்கைக்குக் காத்திராமல் உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளவேண்டும்.