கோசுமல்லி தண்ணீராய்ப் போவது எதனால்?

வெள்ளரி, கேரட், ஊறிய பருப்பு எல்லாம் பச்சையாகக் கலக்கும் கோசுமல்லியில் என்ன பெரிய சமையல் இருக்கிறது, அடுப்பே தாளிக்க மட்டும்தானே என்ற நினைப்பில் ஒரு ராமநவமிக்குக் காலை 8 மணிக்கே வெள்ளரிக்காயை நறுக்கி, ஊறிய பயத்தம்பருப்பு, உப்பு, எலுமிச்சை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மூடி வைத்துவிட்டேன். பூஜை முடிந்து 11 மணிக்குத் திறந்தால் அடியில் அரை டம்ளர் தண்ணீர், மேலே துவண்டுபோன வெள்ளரி. பானகம், நீர்மோர், மூன்றாவதாகக் குடிக்க இதுவா என்று வீட்டில் ஒரே கிண்டல்.

வெள்ளரிக்காயில் 100க்கு 95 பங்கு தண்ணீர்தான். உப்பு பட்டதும் அது வெளியே வந்துவிடும். ஆகவே உப்பும் எலுமிச்சையும் இலை போட்ட பிறகுதான். இல்லை, முன்கூட்டியே கலந்தாக வேண்டும் என்றால் நறுக்கிய வெள்ளரியில் மட்டும் உப்பைப் பிசிறி 10 நிமிடம் வைத்து, லேசாகப் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மறுபடி உப்புப் போடும்போது கை கொஞ்சம் அடங்கட்டும், காயிலேயே பாதி உப்பு ஏறியிருக்கும். முற்றிய காய் என்றால் நடுவில் இருக்கும் விதைச் சதையை ஸ்பூனால் வழித்துவிடுங்கள், தண்ணீர் அதிகம் அங்கேதான்.

பலர் வெள்ளரியைத் திட்டுவார்கள், பருப்பை மறந்துவிடுவார்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறினால் போதும். ஒரு பருப்பை எடுத்து நகத்தால் கிள்ளினால் சட்டென்று இரண்டாக உடைய வேண்டும், நசுங்கினால் ஊறியது அதிகம். ஊறியதைக் கையால் அள்ளி அப்படியே போடாதீர்கள். வடிதட்டில் 10 நிமிடம் கிடக்கட்டும். காய்களைக் கழுவுவதும் நறுக்குவதற்கு முன்தான், கழுவித் துடைத்துவிட்டு நறுக்குங்கள்.

கத்தி மழுங்கியிருந்தால் காய் வெட்டுப்படுவதற்குப் பதில் நசுங்கும், சாறு பலகையிலேயே ஓடிவிடும். அதே பலகையில் முந்தின நாள் மீனோ கோழியோ வெட்டியிருந்தால் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் தொடாதீர்கள். இது வேக வைக்காமல் சாப்பிடும் பண்டம். அவ்வளவு கூட வேண்டாம், பூண்டு நறுக்கிய பலகையே போதும் ருசியைக் கெடுக்க.

கசப்பு விஷயத்தில் மட்டும் சோம்பல் படாதீர்கள். காம்புப் பக்கம் வெட்டித் தேய்த்து நுரை எடுப்பதை எல்லோரும் செய்கிறோம், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. கசப்பு காம்புப் பக்கமும் தோலை ஒட்டியும் அதிகம் இருக்கும் என்பதால் அந்தத் துண்டைச் சற்றுத் தாராளமாகவே வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு காயிலும் ஒரு சில்லு வாயில் போட்டுப் பாருங்கள். முழுக்கக் கசந்தால் தூர எறியுங்கள், வேக வைத்தாலும் அந்தக் கசப்பு போகாது.

தாளிப்பைக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டாமல் ஒரு நிமிடம் ஆறவிட்டுச் சேருங்கள். உடம்புக்கு நல்லது என்று எண்ணெயையும் தேங்காயையும் அடியோடு விடுவதும் தப்புதான், கேரட்டின் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கேரட்டையும் ரொம்பப் பொடியாகத் துருவினால் ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். துருவியின் பெரிய கண் போதும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சிவிட்டால்? மறுநாளுக்கென்று ஃப்ரிட்ஜில் ஏற்றாதீர்கள். கெட்டித் தயிர் ஊற்றிக் கலக்கினால் அன்றைக்கே பச்சடியாகத் தீர்ந்துவிடும்.