மண்டபம் பிடிப்பதற்கு முன்: டர்பன் பள்ளித் தோழர்களைத் தேடிச் சேர்க்கும் முறை

பழைய மாணவர் சந்திப்பு என்று பேச்சு எழுந்தவுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாம் முதலில் தேடுவது மண்டபத்தையும் பிரியாணி சமைப்பவரையும்தான். அவை இரண்டும் கடைசி மூன்று மாதங்களில் முடிந்துவிடக்கூடிய வேலைகள். யாரோடு படித்தோம், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அன்று நடந்தவற்றில் யாருக்கு எது நினைவிருக்கிறது என்பதையெல்லாம் திரட்டுவதற்கோ ஓராண்டு வேண்டும். பாட்டும் இரைச்சலுமான ஒரே இரவில் நாற்பது ஆண்டுக் கதையை எவராலும் கேட்டுவிட முடியாது. முன்பே கேட்டு வைத்திருந்தால்தான் அன்றைக்கு முகத்தைப் பார்த்ததும் பேச்சு பிறக்கும்.

பெயர்ப் பட்டியலை மெட்ரிக், அதாவது பள்ளியின் இறுதியாண்டு, வகுப்புப் படத்திலிருந்து தொடங்காதீர்கள். அந்தப் படத்தில் இருப்பவர்கள் கடைசிவரை படித்தவர்கள் மட்டுமே. ஸ்டாண்டர்ட் 6இல், அதாவது இன்றைய கிரேடு 8இல், நம்மோடு சேர்ந்தவர்களில் பலர் இடையிலேயே நின்று ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்களில் பெண்கள் அதிகம். 'நான் மெட்ரிக் முடிக்கவில்லையே' என்று அவர்கள் தாமாக வரத் தயங்குவார்கள் என்பதால், அவர்களை நாம்தான் தேடிப் போய் அழைக்க வேண்டும். பள்ளி அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருந்தால், தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதி, ஸ்டாண்டர்ட் 6இல் சேர்ந்தவர்களின் பெயர்களை மட்டும் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டதால், முகவரியும் தொலைபேசி எண்ணும் தருவதற்கு அலுவலகம் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

பழைய முகவரி கிடைத்தாலும் பெரிதாகப் பயன்படாது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் நம் குடும்பங்களைப் பெயர்த்து, இந்தியருக்கென ஒதுக்கிய புறநகர்களான சாட்ஸ்வொர்த்தில் 1960களிலும் ஃபீனிக்ஸில் பின்னரும் கொண்டுபோய் வைத்தது. 1991இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டதும் வசதி வந்தவர்கள் வேறு புறநகர்களுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் வெளிநாடுகளுக்கும் நகர்ந்தார்கள். ஆகவே தெருவை விட்டுவிட்டு உறவைப் பிடியுங்கள். ஒருவருடைய அண்ணனோ தங்கையோ அதே பள்ளியில் வேறொரு வகுப்பில் படித்திருப்பார். சாட்ஸ்வொர்த்தில் இன்னும் அதே யூனிட்டில் (குடியிருப்புப் பிரிவில்) இருக்கும் ஒரு அத்தையிடம் கேட்டால், இணையத்தில் ஒரு மாதம் தேடியும் கிடைக்காத செய்தி ஒரு தேநீரோடு கிடைத்துவிடும்.

பெயர்தான் உண்மையான சிக்கல். கோவெண்டர், பிள்ளை, நாயுடு, மூட்லி, செட்டி, படையாச்சி என்று ஏழெட்டுக் குடும்பப் பெயர்களுக்குள் பாதி வகுப்பு அடங்கிவிடும். பெண்களில் பலர் மணத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையிலிருந்து இன்னொரு நாயுடுவுக்கு மாறியிருப்பார்கள். வீட்டில் அழைக்கும் பெயர் பதிவேட்டில் இருக்கவே இருக்காது. எனவே ஒவ்வொருவருக்கும் பதிவேட்டுப் பெயர், வீட்டுப் பெயர், பிறந்த குடும்பப் பெயர், இன்றைய பெயர், உடன்பிறந்தோர், அன்று வசித்த பகுதி ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். பட்டப்பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம். உரியவரைக் கேட்காமல் வெளியிடக் கூடாது. எங்கள் முதல் முயற்சியில் ஒரே பெயருடைய இருவரைக் குழப்பி, உயிரோடு இருக்கும் ஒருவரை அஞ்சலிப் பட்டியலில் சேர்த்துவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. இறந்தவர் பெயர் எதையும் குடும்பத்தார் ஒருவரிடம் நேரில் உறுதி செய்யாமல் எழுதாதீர்கள். (பழைய நண்பர்களை நாம் அதிகம் சந்திக்கும் இடம் கிளேர் எஸ்டேட் தகனசாலையாகிவிட்டது, அங்கே எண்களை வாங்கிக்கொள்வதில் தவறில்லை.)

வாட்ஸ்அப்பில் ஒருவரைக் கேட்காமல் குழுவில் சேர்க்க வேண்டாம். அறிவிப்புக்கு ஒரு குழு, அரட்டைக்கு இன்னொன்று என்று முதல் நாளே பிரித்துவிட்டால், காலை வணக்கப் படங்களுக்கு அடியில் முக்கியச் செய்தி புதைந்து போகாது. வெளிநாட்டில் இருப்பவர்களோடு காணொளியில் பேசுவதற்கு டர்பன் நேரம் ஞாயிறு பிற்பகல் 2 மணி ஏற்றது: அப்போது சிட்னியில் இரவு 10 அல்லது 11, லண்டனில் நண்பகல் 12 அல்லது 1, டொராண்டோவில் காலை 7 அல்லது 8.

நினைவுகளைக் கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. 'பள்ளி நாட்களைப் பற்றி எழுதுங்கள்' என்று கேட்டால், 'அது ஒரு பொற்காலம்' என்ற ஒற்றை வரிதான் வரும். பள்ளிக்கு யாரோடு நடந்து போனீர்கள், ஒரு குவார்ட்டர் பன்னியை (குடைந்த கால் ரொட்டிக்குள் கறி நிரப்பிய டர்பன் உணவு) எத்தனை பேர் பங்கிட்டீர்கள், யாருடைய செருப்புச் சத்தம் கேட்டால் வகுப்பு அடங்கும், சீருடை எந்தக் கடையில் வாங்கினார்கள், யாருடைய அண்ணனுக்குச் சிறியதாகிப்போன பிளேசர் உங்களுக்கு வந்தது என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். எழுதத் தயங்குபவர்கள் இரண்டு நிமிடக் குரல்பதிவாக அனுப்பட்டும். பெரும்பாலானோர் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். நடுவே பாட்டி சொன்ன திட்டும் கேலியும் தமிழில் வந்து விழும். அவற்றை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதிவையுங்கள்.

நிறவெறிக் கல்விமுறையை எதிர்த்து மாணவர்கள் நடத்திய 1980இன் வகுப்புப் புறக்கணிப்பு போன்றவற்றை இன்னும் நிதானமாகக் கையாள வேண்டும். அன்று பள்ளியை விட்டு வெளியே நடந்தவர்களும், பெற்றோருக்குப் பயந்து உள்ளேயே இருந்தவர்களும் ஒரே மேசையில் அமரப் போகிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனியே கேட்டு, அவர் படித்துப் பார்த்து ஒப்பிய பிறகே பொதுவில் வையுங்கள்.

ஆசிரியர்களிடம் முதல் மாதமே போய்விடுங்கள். அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும். சந்திப்பு நாளுக்கு அவர்களால் வர முடியாமல் போகலாம். முற்பகலில், பிள்ளைகளில் ஒருவர் உடனிருக்கும்போது, ஒரு வகுப்புப் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பதிவுக் கருவியை இயக்கினால் போதும். படமே அவர்களைப் பேச வைக்கும்.

படங்களை ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், தேதியும் புகைப்பட நிலையத்தின் முத்திரையும் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும் என்பதால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அசல் படத்தில் எதுவும் எழுதாமல், அச்சிட்ட நகலில் முகங்களுக்கு எண் போட்டு, குறைந்தது இருவர் ஒத்துச் சொன்ன பெயரை மட்டும் உறுதியானதாகக் குறியுங்கள்.

தேதியைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. செப்டம்பர் 24 மரபு தின விடுமுறை எல்லோருக்கும் வசதியாகத் தோன்றும். ஆனால் அது புரட்டாசிக்குள் விழுகிறது. அந்த மாதம் முழுவதும் மரக்கறி மட்டும் உண்பவர்கள் நம்மில் பாதிப்பேர் இருக்கும்போது பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பை மூட்டினால் யாருக்கும் நிறைவிராது. வெளிநாட்டினர் ஊர் வரும் டிசம்பர் நல்லது. தேதியை மட்டும் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசி வேலை பெயர் அட்டை. அதில் பள்ளிக்காலப் படத்திலிருந்து வெட்டிய முகமும், வீட்டுப் பெயரும், பிறந்த குடும்பப் பெயரும் இருக்கட்டும். எழுத்தைப் பெரிதாக அச்சிடுங்கள். படிக்கும் கண்ணாடியை எடுத்து வருபவர்கள் மிகச் சிலரே.