ஏடிவி, ஸ்க்ரேம்பளர், ஜீப்: பினாங்குச் சாலையில் எதை ஓட்டலாம், எதை ஏற்றிச் செல்ல வேண்டும்?

பினாங்கின் பாலேக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனர், மேட்டிலிருந்து பழக்கூடைகளை இறக்குவதற்காகப் பழைய ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்க முனைந்தபோது, அதைச் சாலையில் ஓட்ட முடியுமா என்று விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. அப்போது தெரிந்துகொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கு எழுதுகிறேன். சாலை வரி புதுப்பிப்பது, உரிமம் எடுப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

முதல் படி: கிரானைக் (வாகன உரிமைச் சான்றிதழைக்) கேளுங்கள்

வண்டியின் தோற்றத்தையோ விற்பவரின் வாய்மொழியையோ நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 7ஆம் பிரிவு வாகனப் பதிவையும், 15ஆம் பிரிவு சாலை வரியையும், 90ஆம் பிரிவு மூன்றாம் தரப்புக் காப்புறுதியையும் கட்டாயமாக்குகின்றன. பதிவு எண் இல்லாத வண்டிக்குக் காப்புறுதி கிடைக்காது. காப்புறுதி இல்லாமல் சாலை வரி எடுக்க முடியாது. ஆகவே எல்லாமே ஜேபிஜேயின் (சாலைப் போக்குவரத்துத் துறையின்) பதிவில்தான் தொடங்குகிறது.

தோட்ட வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் விற்கப்படும் ஏடிவிகளுக்கு அந்தப் பதிவு இல்லை. விளக்கு, ஹாரன், பக்கக் கண்ணாடி எல்லாம் பொருத்தி, எண் பட்டை ஒன்றையும் மாட்டிவிட்டால் போதும் என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். அது முற்றிலும் தவறு. ஸ்க்ரேம்பளர்களில், அதாவது மண் பாதைக்கான மோட்டார்சைக்கிள்களில், இரண்டு வகையும் உண்டு. கவாசாகி கேஎல்எக்ஸ் 150 போன்றவை சாலைக்கெனப் பதிவு செய்யப்பட்டு விற்கப்படுபவை. யமஹா ஒய்இசட் 250எஃப் போன்ற பந்தய வண்டிகள் சாலைக்காகத் தயாரிக்கப்பட்டவையே அல்ல. பழைய சுசுகி ஜீப் வாங்குவதாக இருந்தால், எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, கிரானில் உள்ள எண்களோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். காட்டு ஓட்டத்திற்காக எஞ்சின் மாற்றப்பட்ட ஜீப்புகள் ஏராளம். அந்த மாற்றத்திற்குச் சோதனையும் ஜேபிஜேயின் ஒப்புதலும் வேண்டும். அது கிரானிலும் ஏறியிருக்க வேண்டும். கிரானின் நகலை நான் ஏற்பதில்லை; விற்பவர் தமது மைஜேபிஜே செயலியைத் திறந்து வாகன விவரத்தைக் காட்டட்டும்.

இரண்டாம் படி: உங்கள் பாதை 'சாலை'தானா?

பலரும் தடுமாறுவது இங்கேதான். தார் போட்டிருந்தால் சாலை, செம்மண்ணாக இருந்தால் தோட்டப் பாதை என்று நாம் பிரித்துப் பழகிவிட்டோம். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. பொதுச் சாலையோடு, பொதுமக்கள் சென்றுவரக்கூடிய மற்ற எந்தச் சாலையும் அதன் விளக்கத்திற்குள் வருகிறது. பாலம், சாலையோரம், நடுத்திட்டு ஆகியவையும் அதில் அடங்கும். தனியார் தம் பொறுப்பில் வைத்துப் பராமரிக்கும் தனியார் சாலை மட்டுமே அதற்கு வெளியே நிற்கிறது. நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் நடுவே செல்லும் செம்மண் பாதையைக் கம்பத்து (கிராமத்து) மக்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் தினமும் பயன்படுத்தினால், அது மண் பாதைதானே என்ற வாதம் எடுபடும் என்று நம்பி வண்டியை இறக்காதீர்கள். வாயிற்கதவு உண்டா, அது பூட்டப்படுகிறதா, பராமரிப்பது யார், வெளியார் தடையின்றி வருகிறார்களா என்ற நான்கையும் நேரில் போய்ப் பாருங்கள். ஐயம் இருந்தால் பொதுச் சாலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனரின் நிலம் கம்பத்துச் சாலையின் இரு புறமும் இருக்கிறது. சாலையைக் குறுக்கே கடக்க எடுக்கும் சில நொடிகளும் சாலையில் ஓட்டுவதாகவே கணக்கு. அந்த நொடிகளில் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து மோதினால், காயம்பட்டவருக்கு இழப்பீடு தரக் காப்புறுதி எதுவும் இருக்காது. அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது இதுதான்.

மூன்றாம் படி: ஓட்டாமல் ஏற்றிச் செல்லுங்கள்

பெரியவர்கள் ஓட்டும் ஏடிவி ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். இரட்டைக் கேபின் பிக்கப்பின் பின்பெட்டியோ ஒன்றரை மீட்டர் அளவுதான். பின்கதவைத் திறந்துபோட்டு ஓட்டுவதைவிட, 1 டன் லோரியை வாடகைக்கு எடுப்பதே நல்லது. நைலான் கயிறு வேண்டாம். பாதி வழியில் தளர்ந்துவிடும். இறுக்கும் பிடியுள்ள ரேச்சட் பட்டைகள் நான்கை வாங்கி, கைப்பிடியில் கட்டாமல் சட்டகத்தின் நான்கு மூலைகளிலும் கட்டி, சிறிது தூரம் சென்றதும் நிறுத்தி மறுபடியும் இறுக்குங்கள்.

நான்காம் படி: பதிவுள்ள ஜீப்பைச் சாலைக்கு ஏற்றபடி வைத்திருங்கள்

டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தக் கூடாது. கூரைமேல் பொருத்தும் எல்இடி விளக்குப் பட்டையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதோடு, சாலைத் தடுப்புச் சோதனையில் முதலில் பிடிபடுவதும் அதுதான். காட்டுப் பாதையிலிருந்து தார்ச் சாலைக்கு ஏறும் முன், எண் பட்டையிலும் விளக்குகளிலும் படிந்த சேற்றைக் கழுவிவிடுங்கள். இதற்கென்றே ஒரு தோம்புத் தண்ணீரை வண்டியில் வைத்திருப்பேன்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலரின் கேள்விகளால் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன். கம்பத்துச் சாலையில் பிள்ளைகள் ஏடிவி ஓட்டலாமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். கூடாது. மோட்டார்சைக்கிளுக்கான பி2 உரிமத்திற்கே 16 வயதும், காருக்கான டி உரிமத்திற்கு 17 வயதும் ஆகியிருக்க வேண்டும். உரிய வயது இருந்தாலும் பதிவில்லாத வண்டி பதிவில்லாததுதான்.

இன்னொருவர், பதிவு, வரி, காப்புறுதி மூன்றும் உள்ள ஜீப்பில் காட்டுக்குள் போகத் தடை ஏதும் உண்டா என்று கேட்டார். உண்டு. 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, மூடப்பட்ட நிரந்தர வனப் பகுதிக்குள் நுழைய மாநில வனத்துறையின் அனுமதிச் சீட்டு தேவை. தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையிலும் அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே செல்லலாம். குழுவாகப் போகிறவர்கள், ஏற்பாட்டாளர் சீட்டு எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதோடு நிற்காமல், உங்கள் பெயரும் வண்டி எண்ணும் அதில் இருக்கின்றனவா என்று புறப்படுவதற்கு முன்பே கேட்டுப் பாருங்கள்.